சிறிய மருத்துவமனையிலிருந்து கேஸ்ட்ரோ ஃபெலோஷிப் கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் அமெரிக்காவில் ஒரு சிறிய சமூக மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி (பொது மருத்துவ மேற்பயிற்சி) இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எம்.பி.பி.எஸ். இந்தியாவில் முடித்தேன். பயிற்சிக்கான ஜே-1 விசா. கேஸ்ட்ரோஎன்ட்ராலஜிதான் (வயிறு, குடல், கல்லீரல் மருத்துவம்) வேண்டும் என்று முதல் ஆண்டிலேயே முடிவு செய்துவிட்டேன், ஆனால் எங்கள் மருத்துவமனையில் கேஸ்ட்ரோ ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பின் வரும் சிறப்புப் பயிற்சி) கிடையாது. மூன்று கேஸ் ரிப்போர்ட்டும் இரண்டு போஸ்டரும் இருக்கின்றன. மருத்துவ உரிமத் தேர்வான ஸ்டெப் 2-இல் 241. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உள்ள சீனியர்கள், "இருபது பப்ளிகேஷன் இல்லாமல் விண்ணப்பிக்காதே, பணம்தான் வீண்" என்கிறார்கள். அதில் ஒருவர், பணம் கொடுத்தால் தேசிய தரவுத்தள ஆய்வுக் கட்டுரைகளில் என் பெயரைச் சேர்ப்பதாகச் சொல்கிறார். தப்பு என்று தெரிகிறது, ஆனால் எல்லோரும் செய்கிறார்களோ என்றும் தோன்றுகிறது. அடுத்த ஜூலையில் விண்ணப்பிக்க வேண்டும். ரெசிடென்சிக்குப் பின் இங்கேயே சீஃப் ரெசிடென்ட்டாக இன்னும் ஓராண்டு இருந்துவிட்டு விண்ணப்பிப்பது மேலா? கிடைக்காவிட்டால் விசா என்னாகும்? என் கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை. அவர் இருக்கும் ஊரை ரேங்க் லிஸ்ட்டில் (நாம் கொடுக்கும் விருப்ப வரிசை) முதலில் போட்டால் என் வாய்ப்பு குறையுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தப் பணம் கேட்டவரைப் பற்றிப் பேசிவிடலாம், மற்றதெல்லாம் அப்புறம். அவருக்குப் பதிலே அனுப்பாதீர்கள். வேலை செய்யாத கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்வது ஆராய்ச்சி மோசடி. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்குத் தெளிவாகவே நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் உருப்படியான பங்கு இருக்க வேண்டும், எழுதவோ திருத்தவோ செய்திருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தந்திருக்க வேண்டும், பின்னால் கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். எராஸ் என்ற இணையவழி விண்ணப்பத்தில் பொய் இருப்பதாகப் புகார் போனால் விசாரிப்பதற்கு அதை நடத்தும் அமைப்பிடம் தனி நடைமுறையே உண்டு. விசாவையும் வேலையையும் ஒரே நூலில் கட்டி வைத்திருக்கும் ஒருவர் எடுக்கக் கூடிய துணிச்சல் இல்லை இது. எல்லோரும் செய்கிறார்களா என்றால், இல்லை. செய்கிறவர்கள் சத்தமாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

நேர்மையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் லாப நஷ்டக் கணக்காகப் பார்த்தாலும் அது கட்டுப்படியாகாது. ஃபெலோஷிப் தேர்வுக் குழுவில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். நேஷனல் இன்பேஷன்ட் சாம்பிள் என்ற தரவுத்தளத்தை வைத்து எழுதிய கட்டுரை விண்ணப்பத்தில் இருந்தால், நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: "இதில் ஒரே நோயாளி மூன்று முறை அட்மிட் ஆகியிருந்தால் எப்படிக் கணக்கில் வருவார்?" அந்தத் தரவில் ஒவ்வொரு டிஸ்சார்ஜும் ஒரு வரி. நோயாளி யார் என்று தொடர முடியாது. ஆகவே மூன்று வரியாக வருவார். மறு அனுமதியை ஆராய வேண்டுமானால் அதற்குத் தனித் தரவுத்தளம் இருக்கிறது. ஆய்வை உண்மையில் செய்தவருக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. அடுத்த கேள்வி: "ஹீமோகுளோபின் அளவை எப்படிச் சரிசெய்தீர்கள்?" அந்தத் தரவில் ஆய்வக முடிவுகளே கிடையாது, மருந்து விவரமும் கிடையாது. அமெரிக்க மருத்துவமனை டிஸ்சார்ஜ்களில் சுமார் 20 சதவீத மாதிரி அது, ஆண்டுக்கு 70 லட்சம் பதிவுகள் போல. இருப்பதெல்லாம் பில்லிங் கோடுகள். 2015 அக்டோபரில் அந்தக் கோடு முறையே ஐசிடி-9 இலிருந்து ஐசிடி-10 ஆக மாறியது, அதன் இரு பக்கமும் உள்ள ஆண்டுகளை ஒன்றாகச் சேர்த்தவரிடம் அதையும் கேட்போம். பணம் கொடுத்துப் பெயர் வாங்கியவர் இரண்டாவது கேள்வியிலேயே வியர்ப்பார். அதற்கு மேல் நாங்கள் துருவுவதில்லை. மதிப்பெண் தாளில் எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுவோம்.

தரவுத்தள ஆய்வே கூடாது என்று சொல்லவில்லை. கேள்வி உங்களுடையதாக இருந்து, கணக்கையும் உடன் உட்கார்ந்து போட்டிருந்தால் அது நல்ல வேலைதான்.

அந்த "இருபது" எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாதி உண்மை. விண்ணப்பதாரரையும் புரோகிராமையும் கணினியில் பொருத்தும் மேட்ச்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பு வெளியிடும் புள்ளிவிவரங்களில் அப்ஸ்ட்ராக்ட், போஸ்டர், மேடைப் பேச்சு, கட்டுரை எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் கூட்டித்தான் எண்ணிக்கை தருகிறார்கள். ஓர் ஆய்வை மருத்துவமனையின் ஆய்வு நாளில் போஸ்டராக வைத்து, தேசிய மாநாட்டில் அப்ஸ்ட்ராக்டாக்கி, கடைசியில் இதழில் வெளியிட்டால் அது மூன்று. உங்களிடம் இப்போது ஐந்து இருக்கிறது. இன்னும் இரண்டு வேலைகளை ஒழுங்காக முடித்தால் பத்தைத் தொட்டுவிடுவீர்கள். இருபது இல்லையென்றால் கதவு மூடியிருக்கும் என்பது வாட்ஸ்அப் குழுவின் பயம். குழுவில் படிக்கிற நாங்கள் எண்ணிப் பார்ப்பதே குறைவு. பட்டியலின் நீளத்தைப் பார்த்துவிட்டு, முதல் ஆசிரியராக எதில் இருக்கிறார் என்று தேடுவோம்.

சரி, வாய்ப்பு எவ்வளவு? இன்டர்னல் மெடிசின் கிளைகளில் கடும் போட்டி உள்ளவற்றில் கேஸ்ட்ரோ ஒன்று. ஆண்டுக்கு அறுநூறு, எழுநூறு இடங்கள்தான். விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெறுங்கையோடு திரும்புகிறார், விசா தேவைப்படும் வெளிநாட்டு மருத்துவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். சில புரோகிராம்கள் விசா உள்ளவர்களை முதல் சல்லடையிலேயே கழித்துவிடும். சொந்த மருத்துவமனையில் ஃபெலோஷிப் இல்லாததும் உண்மையான குறைதான், ஏனென்றால் பல புரோகிராம்கள் தங்களுக்குத் தெரிந்த சொந்த ரெசிடென்ட்டுகளுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துவிடுகின்றன. அதற்காக உங்கள் விண்ணப்பம் வீண் என்று அர்த்தமில்லை. உங்கள் மாதிரி இடங்களிலிருந்து வந்து இன்று ஈ.ஆர்.சி.பி. என்ற பித்தக்குழாய் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெப் 2-இல் 241 யாரையும் வியக்க வைக்காது, யாரையும் விரட்டவும் செய்யாது. ஸ்டெப் 1 மதிப்பெண் 2022 ஜனவரியோடு பாஸ்-ஃபெயில் ஆகிவிட்டதால் எண்ணைப் பார்க்கிற இடங்கள் ஸ்டெப் 2-ஐப் பார்க்கின்றன. ஸ்டெப் 3-ஐ மட்டும் விண்ணப்பத்துக்கு முன் முடித்துவிடுங்கள். ஏன் என்பது விசா பகுதியில் வரும்.

இப்போது காலக்கணக்கு. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ரெசிடென்சி மூன்று ஆண்டு, ஆனால் விண்ணப்பம் மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஜூலையிலேயே போய்விடுகிறது. பரிந்துரைக் கடிதங்கள் அதற்கு முன் மே, ஜூனில் எழுதப்படுகின்றன. அதாவது உங்களை எடைபோட எங்கள் கையில் இருப்பது இரண்டு ஆண்டுக்கும் குறைவான வேலைதான். நீங்கள் எழுதியிருப்பது அக்டோபரில். டைஜெஸ்டிவ் டிசீஸ் வீக் மாநாடு மே மாதம் நடக்கிறது, அதன் அப்ஸ்ட்ராக்ட் கெடு வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஜூலைக்கு முன் கைக்கு வரக்கூடிய பெரிய மாநாடு இது ஒன்றுதான். ஏ.சி.ஜி. என்ற கேஸ்ட்ரோ மருத்துவர் சங்கத்தின் மாநாடு அக்டோபரில், அதன் கெடு ஜூன் வாக்கில். அதற்கு அனுப்புவது விண்ணப்பத்தில் "அனுப்பப்பட்டது" என்று மட்டும் நிற்கும். ஆனால் ஏற்கப்பட்டால் நேர்காணல் காலத்தில் ஒரு சின்ன மின்னஞ்சலில் தெரிவிக்கலாம், மாநாட்டுக்கே போய் நாலு பேரைப் பார்க்கவும் செய்யலாம். ஏ.சி.ஜி. நோயாளி விவரங்களையும் அப்ஸ்ட்ராக்டாக ஏற்கும் என்பதால் சிறிய மருத்துவமனைக்காரர்களுக்கு அது நல்ல வாசல்.

ஆய்வு என்றதும் பெரிய பல்கலைக்கழகமும் புள்ளியியலாளரும் வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் கேள்விகள் தரையில் கிடக்கின்றன. வயிற்றில் நீர் கோத்த சிரோசிஸ் நோயாளி அட்மிட் ஆனால் தாமதமில்லாமல் ஊசி போட்டு நீரை எடுத்துப் (பாராசென்டெசிஸ்) பரிசோதிக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். உங்களிடத்தில் எத்தனை பேருக்கு அது முதல் 24 மணி நேரத்துக்குள் நடக்கிறது? வார இறுதியில் அட்மிட் ஆனவர்களுக்கு? "ஐ.என்.ஆர். அதிகம்" (இரத்தம் உறையத் தாமதமாகிறது) என்று சொல்லி எத்தனை பேருக்குத் தள்ளிப்போடுகிறார்கள்? ஓராண்டுப் பதிவுகளைப் புரட்டினால் விடை கிடைக்கும். அட்மிஷன் ஆர்டரில் ஒரு வரி சேர்த்து, ரெசிடென்ட்டுகளுக்கு ஒரு மதியம் பயிற்சி கொடுத்துவிட்டு நான்கு மாதம் கழித்து மறுபடி அளந்தால் அது முழு ஆய்வு. இல்லையென்றால் உங்கள் கிளினிக். பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையை 45 வயதிலேயே தொடங்கச் சொல்லி 2021-இல் பரிந்துரை மாறியது. உங்கள் கிளினிக்கில் 45-லிருந்து 49 வரை உள்ளவர்களிடம் யாராவது அதைப் பற்றிப் பேசினார்களா? மலப் பரிசோதனை பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் கொலோனோஸ்கோப்பி வரை போய்ச் சேர்ந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியின் விடை பெரும்பாலும் வெட்கப்பட வைக்கும், அதனாலேயே அது நல்ல ஆய்வு. ஆய்வு நெறிமுறைக் குழுவின் (ஐ.ஆர்.பி.) அனுமதியை மட்டும் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தர மேம்பாட்டுத் திட்டம் என்றால் விலக்கு கிடைக்கலாம், ஆனால் அந்த விலக்கும் எழுத்தில் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உண்மையான கருத்துக்கு வருகிறேன். உங்களை உள்ளே கொண்டுவரப் போவது இந்த ஆய்வைவிட, இதைச் செய்யும்போது உங்களோடு நின்ற ஒரு கேஸ்ட்ரோ மருத்துவர். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள், மூன்று நான்கு இடங்கள். மதிப்பெண்ணும் பட்டியலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் அறுபது பேரில் யாரை அழைப்பது என்று குழு குழம்பும்போது, "இந்தக் கடிதத்தைப் பாருங்கள்" என்று ஒருவர் சொல்வார். அந்தக் கடிதத்தில் என்ன இருக்கும் தெரியுமா? "கடின உழைப்பாளி, குழுவோடு நன்றாகப் பழகுவார்" என்று இருக்காது, அது எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. "இரவு இரண்டு மணிக்கு இரத்த வாந்தியோடு வந்தவரைப் பற்றி எனக்குப் போன் செய்தார், நான் கேட்க நினைத்த நாலு விஷயத்தையும் நான் கேட்கும் முன்பே சொன்னார், மறுநாள் எண்டோஸ்கோப்பி அறைக்கு வந்து நின்றார், அந்த நோயாளி டிஸ்சார்ஜ் ஆன பிறகும் பயாப்சி முடிவை அவரே துரத்திப் பிடித்தார்" என்று இருக்கும். இதை எழுத ஒருவர் உங்களைப் பார்த்திருக்க வேண்டும், பலமுறை. நம்ம ஊர் அர்த்தத்தில் சிபாரிசு பிடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய மனிதர் ஒருவர் இரண்டு வாரம் மட்டும் பார்த்துவிட்டு எழுதும் மூன்று பத்திக் கடிதத்தை நாங்கள் படித்த மறுநிமிடம் மறந்துவிடுவோம். பெயர் தெரியாத ஒரு சமூக மருத்துவமனை மருத்துவர் ஓராண்டு பார்த்துவிட்டு எழுதும் ஒன்றரைப் பக்கம் நினைவில் நிற்கும்.

ஃபெலோஷிப் இல்லாத மருத்துவமனையில் இருப்பதன் ஒரே பெரிய நன்மையும் இதுதான். பல்கலைக்கழக மருத்துவமனையில் கன்சல்ட் கேட்டால் ஃபெலோ வருவார், அட்டெண்டிங் (பொறுப்பிலுள்ள மூத்த மருத்துவர்) மாலையில் எட்டிப் பார்ப்பார், ரெசிடென்ட்டுக்கு மிஞ்சுவது ஓரத்தில் நிற்பது. உங்களிடத்தில் ஃபெலோ கிடையாது. கேஸ்ட்ரோ அட்டெண்டிங்குக்கும் உங்களுக்கும் நடுவில் யாருமே இல்லை. அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்டிவ் மாதங்களை அவரோடு வைத்துக்கொள்ளுங்கள், வார்டில் இருக்கும் மாதங்களிலும் உங்கள் நோயாளிக்கு எண்டோஸ்கோப்பி என்றால் பத்து நிமிடம் போய்ப் பாருங்கள். மேலே சொன்ன ஆய்வுக் கேள்வியை அவரிடம் கொண்டுபோய், "இதைச் செய்யலாமா, தரவை நான் எடுக்கிறேன்" என்று கேளுங்கள். அவர் தன் ஃபெலோஷிப்பை எங்கே முடித்தார் என்று விசாரியுங்கள். அங்கே இன்னும் அவருக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். செப்டம்பரில் அவர் எடுக்கும் ஒரு போன், பத்து போஸ்டருக்குச் சமம்.

எராஸில் ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதம் வரை அனுப்பலாம். ஒன்று உங்கள் புரோகிராம் டைரக்டருடையது, அது அநேகமாகக் கட்டாயம். இரண்டு கேஸ்ட்ரோ மருத்துவர்கள். நான்காவது ஆய்வை வழிநடத்தியவரோ, உங்களை ஐ.சி.யூ.வில் பார்த்தவரோ. கேட்கும்போது, "எனக்கு வலுவான கடிதம் தர முடியும் என்று நினைக்கிறீர்களா?" என்றே கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போங்கள், அந்தத் தயக்கம் உங்களுக்கு அவர் செய்த உதவி. நீங்கள் சேர்ந்து பார்த்த நோயாளிகளில் நாலைந்து பேரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். அட்டெண்டிங்குக்கு உங்கள் மேல் மதிப்பு இருக்கும், சம்பவம் ஞாபகம் இருக்காது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

வேறு மருத்துவமனையில் ஒரு மாதம் எலக்டிவ் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஃபெலோஷிப் உள்ள இடத்தில், அதுவும் நீங்கள் உண்மையிலேயே சேர விரும்பும் இடத்தில், நான்கு வாரம் வேலை செய்வது நல்ல யோசனை. மருத்துவப் பொறுப்புக் காப்பீடு, இரு மருத்துவமனைகளுக்கிடையே ஒப்பந்தம், அந்த மாதச் சம்பளம் யார் தலையில் என்று காகித வேலை நிறைய. ஜே-1-இல் இருப்பதால் வெளியிடத்துப் பயிற்சியை, உங்கள் விசாவுக்குப் பொறுப்பான ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்புக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். உங்கள் மருத்துவமனையில் டி.பி.எல். என்று ஒருவர் இதற்கென்றே இருப்பார். பிப்ரவரிக்குப் போக வேண்டுமென்றால் இன்றே அவரிடம் பேசுங்கள். ஒரு எச்சரிக்கை: நான்கு வாரமும் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நைட் ஃப்ளோட் (தொடர் இரவுப் பணி) முடித்த களைப்போடு போகாதீர்கள்.

சீஃப் ரெசிடென்ட் ஆண்டு பற்றி. விசா இல்லாதவர்களுக்கு நான் தாராளமாகச் சொல்வேன், செய்யுங்கள் என்று. உங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜே-1-இல் பயிற்சிக்கு மொத்தம் ஏழு ஆண்டுதான் உச்சவரம்பு. ரெசிடென்சி 3, கேஸ்ட்ரோ 3, ஆக 6. மீதமிருக்கும் ஓராண்டை அட்வான்ஸ்டு எண்டோஸ்கோப்பிக்கோ கல்லீரல் மாற்று மருத்துவத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். சீஃப் ஆண்டு அந்த ஒன்றை விழுங்கிவிடும். நீங்கள் மேற்பயிற்சி வேண்டாம் என்று தெளிவாக இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் வரும் ஜூலையில் முதலில் விண்ணப்பியுங்கள், சீஃப் பதவி கிடைத்தால் அதைக் காப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சீஃபைத் தேர்ந்தெடுப்பது இரண்டாம் ஆண்டிலேயே நடந்துவிடும் என்பதால் உங்கள் புரோகிராம் டைரக்டரிடம் இதை வெளிப்படையாகவே பேசலாம். அங்கீகாரம் பெறாத ஓராண்டு ஹெபடாலஜி (கல்லீரல் மருத்துவம்) ஃபெலோஷிப்புகளுக்கும் இதே கணக்குதான். கேஸ்ட்ரோ மருத்துவர்களோடு ஓராண்டு கிடைக்கும், கடிதம் கிடைக்கும், ஆண்டும் போகும்.

கிடைக்காவிட்டால்? ரெசிடென்சி மேட்ச் போல உடனடி இரண்டாம் சுற்று இதில் இல்லை. நிரம்பாத இடங்களின் பட்டியல் வரும், நேரடியாகக் கேட்டுப் பார்க்கலாம், கேஸ்ட்ரோவில் அது ஒன்றிரண்டு இருந்தால் அதிர்ஷ்டம். சீஃப் பதவியும் இல்லையென்றால் ஜே-1-காரருக்குப் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருப்பது. மற்றது, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை செய்தால் அந்த இரண்டு ஆண்டு விதியிலிருந்து கிடைக்கும் கான்ராட் 30 விலக்கு. மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரும்பாலான மாநிலங்கள் இந்த விண்ணப்பங்களை இலையுதிர்காலத்திலேயே வாங்கத் தொடங்கிவிடுகின்றன, மேட்ச் முடிவோ டிசம்பர் தொடக்கத்தில்தான் வரும். போட்டியுள்ள மாநிலங்களில் அதற்குள் இடம் தீர்ந்துவிடலாம். மேட்ச் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதால் முடிவுக்கு முன் வேலையில் கையெழுத்திடுவதும் சிக்கல். ஆகவே செப்டம்பரிலேயே ஒரு குடியேற்ற வழக்கறிஞரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்த மாநிலங்களில் இடம் மிஞ்சுகிறது, டிசம்பரிலும் ஆள் எடுக்கிற மருத்துவமனைகள் எவை என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, வாட்ஸ்அப் குழுவை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

விலக்கு வேலைக்குப் போனால் கேஸ்ட்ரோ முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அந்த மூன்று ஆண்டும் எச்-1பி வேலை விசாவில் கழியும், எச்-1பி-க்குப் பொதுவான வரம்பு ஆறு ஆண்டு. மிச்சம் மூன்று, கேஸ்ட்ரோ மூன்று. சரியாகப் பொருந்தும், எச்-1பி தரும் புரோகிராம் கிடைத்தால். ஸ்டெப் 3-ஐ முடிக்கச் சொன்னது இதற்குத்தான், அது இல்லாமல் எச்-1பி கிடையாது.

மாற்றாக நெப்ராலஜிக்கும் (சிறுநீரக மருத்துவம்) சேர்த்து விண்ணப்பிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நெப்ராலஜியிலும் தொற்றுநோய் மருத்துவத்திலும் ஆண்டுதோறும் இடங்கள் நிரம்பாமல் மிஞ்சுகின்றன, கிடைப்பது எளிது. ஆனால் விசாவுக்காக மட்டும் பிடிக்காத துறையில் இரண்டு ஆண்டும் அதன்பின் வாழ்நாளும் கழிப்பது எனக்கு ஒப்பாத யோசனை. பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதில் பரவலாகப் போங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு புரோகிராமின் தளத்திலும் இப்போதைய ஃபெலோக்கள் எங்கே படித்தவர்கள் என்று இருக்கும். மூன்று ஆண்டு ஃபெலோக்களில் ஒருவர்கூட வெளிநாட்டுப் பட்டதாரி இல்லையென்றால், "ஜே-1 ஏற்கிறோம்" என்ற வரிக்கு அர்த்தம் குறைவு. சமூக மருத்துவமனை ரெசிடென்ட்டை எடுத்திருக்கும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆண்டில் சிக்னல் முறை (சில புரோகிராம்களுக்கு மட்டும் தனி ஆர்வம் தெரிவிக்கும் வசதி) இருந்தால், அவற்றைக் கனவு இடங்களில் கரைக்காமல் இந்தப் பட்டியலில் செலவிடுங்கள். கணவர் இருக்கும் மாநிலத்துப் புரோகிராம்களுக்கு, குடும்பம் அங்கே இருப்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். வருவாரா மாட்டாரா என்ற சந்தேகம் எங்களுக்கு எப்போதும் உண்டு.

நேர்காணலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பாலும் காணொளியில்தான், இருபது நிமிடம். "கையால் செய்யும் வேலையும் யோசிக்கும் வேலையும் கலந்திருப்பதால் கேஸ்ட்ரோ பிடிக்கும்" என்ற பதிலை நாள் முழுக்கக் கேட்டு அலுத்துப் போயிருப்போம். ஒரு நோயாளியைச் சொல்லுங்கள். உங்கள் பாராசென்டெசிஸ் ஆய்வில் எதிர்பாராமல் என்ன கண்டீர்கள் என்று சொல்லுங்கள். விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஐந்து நிமிடம் பேச முடிகிறதா என்று முன்பே சோதித்துப் பாருங்கள், முடியாத வரியை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ரேங்க் லிஸ்ட். கணவர் இருக்கும் ஊரை முதலில் போடுங்கள், உங்களுக்கு அதுதான் முதல் விருப்பம் என்றால். வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. கணினி உங்கள் பட்டியலின் மேலிருந்துதான் தொடங்கும். முதல் இடத்தில் கிடைக்காவிட்டால் இரண்டாவதைத் தேடும்போது, அதை முதலிலேயே போட்டிருந்தால் எவ்வளவு வலு இருந்திருக்குமோ அதே வலு இருக்கும். விண்ணப்பதாரர் பக்கம் நின்று கணக்கிடும் இந்த முறையை 1990-களில் செப்பனிட்டவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், இந்தத் துறை ஆய்வுகளுக்காக 2012-இல் பொருளாதார நோபல் பரிசை லாயிட் ஷேப்லியோடு பகிர்ந்துகொண்டார். புரோகிராம் உங்களை எவ்வளவு விரும்பும் என்று யூகித்து வரிசையை மாற்றுவது வீண் புத்திசாலித்தனம். எந்த இடத்தை எத்தனையாவதாகப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்க அவர்களுக்கு விதிப்படி உரிமையும் இல்லை. "நீங்கள்தான் எங்கள் முதல் தேர்வு" என்று நவம்பரில் மின்னஞ்சல் வந்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், வரிசையைத் தொடாதீர்கள்.

இதில் எங்கள் துறைக்கே ஒரு வரலாறு உண்டு. 1990-களின் பிற்பகுதியில் கேஸ்ட்ரோ மேட்ச் குலைந்துபோனது. இடங்களைக் குறைத்து, பயிற்சியை மூன்று ஆண்டாக்கியதும் விண்ணப்பிப்பவர்கள் சட்டென்று குறைய, புரோகிராம்கள் பதறி ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஆள் பிடிக்கத் தொடங்கின. இப்போதே சொல், இல்லையென்றால் இடம் போய்விடும் என்று நெருக்கினார்கள். வேறு இடங்களைப் பார்க்கும் முன்பே ரெசிடென்ட்டுகள் சம்மதிக்க வேண்டியிருந்தது. 2006-இல் தான் மேட்ச் திரும்பி வந்தது. கணவர் இருக்கும் ஊர், கனவு மருத்துவமனை எல்லாவற்றையும் நிதானமாக வரிசைப்படுத்தும் வசதி உங்களுக்கு இருப்பது அதனால்தான்.

டிசம்பரில் நல்ல செய்தி வந்தால் அதே வாரம் ஒரு வேலை இருக்கிறது. கேஸ்ட்ரோ பயிற்சிக்கென்று இந்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து ஸ்டேட்மென்ட் ஆஃப் நீட் (இந்தத் துறை மருத்துவர் நாட்டுக்குத் தேவை என்ற சான்று) புதிதாக வாங்க வேண்டும், ரெசிடென்சிக்கு வாங்கிய பழையது செல்லாது. நாளாகும், ஜூலைக்குள் கையில் வேண்டும்.